ஏழு சரணங்களில் மூன்றாவது

கெம்னிற்ஸ்,
05.05.2024

அன்புள்ள தம்பி மேர்வினுக்கு,

அத்தானும் நானும் கர்த்தருடைய தயவால் நடமாடித் திரிகிறோம். நீயும் கத்தரினும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் இரத்த அழுத்தம் இப்போது எப்படி? வைத்தியர் மாற்றிக் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொண்டதா என்பதை உன் ஈஸ்டர் கடிதத்தில் நீ எழுதவில்லை.

வருடத்துக்கு வழக்கமான நான்கு கடிதங்களுக்குப் புறம்பாக இதை எழுதுகிறேன். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவை உங்கள் பக்கத்தில் குரோய்டனில் உள்ள ஒரு தேவாலயம் அழைத்திருக்கிறது. நவம்பர் பதினாறாம் திகதி, சனிக்கிழமை மாலை, அங்கே கன்டாட்டா என்னும் பல பகுதிப் பக்தி இசை ஒன்றைப் பாடப்போகிறோம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே ஜெர்மனியில் எங்கள் அயலூர் ஒன்றில் ஓர்கன் வாசித்த ஒருவர், தமக்கு முந்திய காலத்து லூத்தரன் ஞானப்பாட்டு ஒன்றை எடுத்து, அதன் ஏழு சரணங்களுக்கும் ஏழு விதமாக இசையமைத்திருக்கிறார். பாட்டின் மெட்டு ஒன்றுதான். அது ஒவ்வொரு சரணத்திலும் வேறு உடுப்பில் வருகிறது. அவருடைய பெயர் இங்கேயே பலருக்குத் தெரியாது.

தம்பி, ஒன்று கேட்கிறேன். 1997 ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி நான் அத்தானை அவர்களுடைய தேவாலயத்தில் கைப்பிடித்தேன். கத்தோலிக்க வீட்டுப் பெண் வேறு சபைக்குப் போய்விட்டாள் என்ற கோபத்தில் அப்பா சொன்னதை அன்று பின்னேரம் அத்தான் வீட்டு வாசலில் வந்து என்னிடம் ஒப்புவித்தவன் நீ. "அவளின்ரை குரல் இனி இந்த வீட்டிலை கேக்கப்படாது." அன்று முதல் நான் ஒருமுறையேனும் தொலைபேசி எடுக்கவில்லை. இப்போது உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய இடத்தில் நின்று பாடப்போகிறேன். எனக்கு ஐம்பத்துநான்கு, அப்பாவுக்கு எண்பத்துமூன்று. அவர் என் குரலைக் கேட்க வருவாரா?

அன்புடன்,
அக்கா இம்மாகுலேற்


ஹவுன்ஸ்லோ,
19.05.2024

சேசு மரி சூசை துணை

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் பதினான்காம் திகதி கிடைத்தது. நாங்கள் மூவரும் சுகம். அத்தானின் முதுகு நோவு குறைந்திருக்க வேண்டுமென்று கத்தரின் மன்றாடுகிறாள். மாத்திரை ஒத்துக்கொண்டது. அப்பாவின் அழுத்தம் இன்று காலை நூற்றுமுப்பத்தெட்டுக்கு எண்பத்திரண்டு.

தாங்கள் கேட்டதற்கு உடனே விடை சொல்ல இயலாது. நிலைமையை முதலில் ஒழுங்காக வைத்துக்கொள்வோம். சொல்லப்பட்ட ஒரு கட்டளை, சொன்னவரே அதைத் திரும்பப் பெறும் வரை நிலைத்திருக்கும். அப்பா இன்றுவரை அதைத் திரும்பப் பெறவில்லை. அதே வேளை, அவர் தடுத்தது குரலை, எழுத்தை அல்ல. ஆகவேதான் தொலைபேசியை நான் அனுமதிக்கவில்லை, கடிதங்களை நிறுத்தவும் இல்லை. இந்த எல்லையை நாம் இருவரும் ஒருநாளும் மீறியதில்லை.

பின்வருவனவற்றைத் தெரிவியுங்கள். இது ஆராதனையா, இசை நிகழ்ச்சியா? ஆராதனையாயின் அப்பாவை அழைப்பது மேலும் கடினம். குழுவில் எத்தனை பேர்? எவராவது தனித்துப் பாடுவதுண்டா? உண்டெனில், அதில் தங்களுக்குப் பங்குண்டா?

விமான நிலையத்தில் சரக்குப் பரிசோதனைப் பிரிவில் புதிய ஒழுங்குமுறை வருகிறது. அதனால் இந்த மாதம் வேலை மிகுதி.

தங்கள் தம்பி,
மேர்வின்


கெம்னிற்ஸ்,
09.06.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறோம். அத்தானின் முதுகு இப்போது அவரைவிட அதிகம் பேசுகிறது என்று கத்தரினுக்குச் சொல். அப்பா காலையில் நடக்கிறாரா? வெயில் ஏறுமுன் நடந்தால் போதும். தொப்பி போட்டுக்கொள்கிறாரா?

உன் விசாரணைக்குப் பதில். இது இசை நிகழ்ச்சி. பிரசங்கம் இல்லை, காணிக்கைத் தட்டு இல்லை. குழுவில் நாற்பத்திரண்டு பேர். நான் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். முதலாம் சரணத்தில் மேற்குரல்காரர் ஞானப்பாட்டின் மெட்டை நீட்டி நீட்டிப் பாட, நாங்கள் மற்ற மூன்று குரல்களும் அதன் கீழே ஓடித் திரிகிறோம். அவர்கள் ஒரு சொல்லை முடிப்பதற்குள் நாங்கள் பத்துச் சொல் பாடியிருப்போம். ஒத்திகையில் மூச்சு வாங்குகிறது. கடைசிச் சரணம் நால்வகைக் குரலும் ஒன்றாக நடக்கும் எளிய பாட்டு. அதில்தான் ஆறுதல்.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பு, இந்தப் பாட்டு எனக்கு முன்பே தெரியும் என்பது. அத்தானின் சபைப் பாட்டுப் புத்தகத்தில் இதே மெட்டு இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து போன யாரோ ஒரு குருவானவர் எந்தக் காலத்திலோ தமிழாக்கியது.

"கதவண்டை நிற்கிறேன் கர்த்தரே,
கடைசி மட்டும் காத்திருப்பேன்."

முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்யும்போது என்னையறியாமல் தமிழில்தான் முணுமுணுக்கிறேன். அங்குள்ள ஒரு வயோதிபப் பெண்மணி, என் ஜெர்மன் உச்சரிப்பு மோசமாகிக்கொண்டு போகிறது என்று முறையிட்டிருக்கிறார்.

உன் தீர்ப்பை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா


ஹவுன்ஸ்லோ,
30.06.2024

சேசு மரி சூசை துணை

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

இங்கு குறையொன்றுமில்லை. தாங்களும் அவ்வாறே இருப்பீர்களாக. அப்பா தினமும் காலை ஏழு மணிக்கு பூங்காவை ஒருமுறை சுற்றி வருகிறார். தொப்பி போடுகிறார்.

நன்றாக ஆராய்ந்த பின் என் முடிவு இது. கட்டளையில் இரு கூறுகள் உள்ளன. ஒன்று, தங்கள் குரல். மற்றது, இந்த வீடு. குரோய்டன் தேவாலயம் இந்த வீடு அன்று. அடுத்து, நாற்பத்திரண்டு பேர் கூடிப் பாடுமிடத்தில் தனியொருவரின் குரல் என்று பிரித்துக் கேட்க எதுவும் இல்லை. ஆகவே அப்பா அங்கு வந்து அமர்வதால் கட்டளை இடத்தாலும் மீறப்படவில்லை, குரலாலும் மீறப்படவில்லை.

தனித்துப் பாடுவது பற்றிய கேள்விக்குத் தாங்கள் விடை எழுதவில்லை. அதை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் அவ்வாறு இருந்தால் மேற்கூறிய இரண்டாம் நியாயம் விழுந்துவிடும்.

அப்பாவிடம் தக்க சமயத்தில் சொல்வேன். மூன்று ஆசனங்கள் ஒதுக்கச் சொல்லி அத்தேவாலயத்துக்கு எழுதியிருக்கிறேன். படியேறாமல் உள்ளே போகும் வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறேன்.

தங்கள் தம்பி,
மேர்வின்


கெம்னிற்ஸ்,
21.07.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "உன்ரை தம்பி பரலோக வாசலிலை நிண்டால் பேதுருவுக்கே வழக்குப் பேசி உள்ளுக்கை போவான்" என்றார். அவருடைய முதுகும் சேர்ந்து சிரித்தது. அதனால் அவர் சுகம் என்று அறிந்துகொள். அப்பாவின் வலக்கண் எப்படி? தூரத்திலிருந்து முகம் தெரியுமா? இரண்டாம் வரிசையில் இடமிருந்து ஏழாவதாக நிற்பேன்.

பிறந்த நாள் வாழ்த்துக்கு நன்றி. கத்தரின் அனுப்பிய சேலைத்துணி மேசைவிரிப்பு மிக அழகு. அதை மேசையில் விரிக்க மனமில்லாமல் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் எழுது. அப்பா என்னைப் பற்றி என்ன சொல்கிறார்? நல்லதோ கெட்டதோ, ஒரு வசனம் போதும். இத்தனை வருடங்களில் நீ அதை எழுதியதில்லை, நானும் கேட்டதில்லை.

அக்கா


ஹவுன்ஸ்லோ,
01.09.2024

சேசு மரி சூசை துணை

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

விடை தாமதித்ததற்கு மன்னிக்கவும். உடல்நலத்தில் எவருக்கும் பழுதில்லை. வேலைத்தலத்தில் பதிவேடுகளை மாற்றியமைக்கும் பணி என் தலையில் விழுந்தது. அப்பாவின் வலக்கண் நன்று, இடக்கண்ணில் சற்று மங்கல்.

பயண ஒழுங்குகள் முடிந்தன. கிளப்பம் சந்தியில் ரயில் ஒரு முறை மாறினால் போதும். இரண்டு சனிக்கிழமைகளில் நான் தனியாகப் போய்ப் பார்த்து வந்தேன். முதற் தடவை சந்தியில் மாறுவதற்கு ஒன்பது நிமிடம் பிடித்தது. அப்பாவின் நடைக்குப் பதினெட்டு என்று வைத்திருக்கிறேன். இரண்டாந் தடவை மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஆகவே மிச்சம் என்ற ஊர் வழியாக டிராமில் போகும் பாதையையும் குறித்துக்கொண்டேன். தேவாலயத்தின் பக்கவாசலில் சாய்தளம் உண்டு. ஆசனங்கள் நான்காம் வரிசையில் ஓரமாக.

தாங்கள் குறிப்பிட்ட இசையின் ஒலிப்பதிவு ஒன்றைத் தேடிப் பெற்றேன். சென்ற ஞாயிறு காலை, குசினி அடுப்படியில் தாழ்ந்த ஒலியில் போட்டிருந்தபோது அப்பா வந்துவிட்டார். இது என்ன பாட்டு என்று கேட்டார். ஜெர்மன் பாட்டு என்றேன். அவர் தேநீரைக் குடிக்காமல் பாட்டு முடியும் வரை கோப்பையைப் பிடித்தபடி நின்றார். பின் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஏனென்று தெரியவில்லை. அது தக்க சமயமாகத் தோன்றவில்லை.

தங்கள் தம்பி,
மேர்வின்


கெம்னிற்ஸ்,
15.09.2024

தம்பி மேர்வினுக்கு,

அப்பாவின் இடக்கண்ணை வைத்தியரிடம் காட்டினாயா? இங்கு நாங்கள் சுகம்.

ரயிலைப் பற்றி இவ்வளவு எழுதினாய். நான் கேட்ட ஒரு வசனம் அதில் இல்லை. நீ அவரிடம் இன்னும் சொல்லவே இல்லை என்று விளங்கிக்கொண்டேன்.

எனக்கும் உன்னைக் குறைசொல்ல வாயில்லை. நானும் ஒன்றை மறைத்தேன். மூன்றாம் சரணம் ஒரு ஆல்ட்டோ தனித்துப் பாடுவது. ஓபோ என்ற குழல் ஒன்று, அடியில் செலோ என்ற தந்தி வாத்தியம் ஒன்று, நடுவில் ஒரு பெண் குரல். ஞானப்பாட்டின் மெட்டைக் குழல் எடுத்துக்கொள்ள, அந்தப் பெண் கதவருகில் நின்று ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறாள். ஆறு நிமிடம். ஜூன் முதலாம் கிழமை, எங்கள் குழுத் தலைவி அதை எனக்குத் தந்தார். இருபது வருடம் பின்வரிசையில் நின்றவளுக்கு. உன் கேள்விக் கடிதம் அப்போது என் மேசையில் இருந்தது. உண்மையை எழுதினால் நீ வேண்டாம் என்பாய் என்று பயந்தேன்.

ஆகவே உன் இரண்டாம் நியாயம் விழுந்துவிட்டது. அவர் வந்தால் என் குரலைத்தான் கேட்பார். அவரை ஏமாற்றிக் கூட்டிவர நான் சம்மதியேன். அவரிடம் நேரே கேள். அவர் மாட்டேன் என்றால், அவர் இருக்கும் ஊரில் நின்று கதவைத் திற என்று பாட என்னால் ஏலாது. சரணத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு இங்கேயே நின்றுவிடுவேன். ஒக்டோபர் பதின்மூன்றுக்குள் குழுத் தலைவிக்குச் சொல்ல வேண்டும்.

அக்கா


ஹவுன்ஸ்லோ,
07.10.2024

அக்காவுக்கு,

இக்கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். எல்லோரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுப் பூசை முடிந்து வந்து, அப்பா முன்னறையில் கதிரையில் இருந்தார். நான் நின்றபடியே, தாங்கள் நவம்பரில் வந்து பாடப்போவதைச் சொன்னேன். பின்பு, அவருடைய கட்டளை நடைமுறையில் இருப்பதால் அவருடைய அனுமதி தேவைப்படுகிறது என்றேன்.

"எந்தக் கட்டளை?" என்று கேட்டார்.

திகதியையும் சொற்களையும் பிசகாமல் சொன்னேன்.

"ஓம், சொன்னனான். அண்டைக்குச் சொன்னனான். அடுத்த நாள் நான் என்ன சொன்னனான் எண்டு தெரியுமே உனக்கு?"

எனக்கு எதுவும் நினைவில் இல்லை என்றேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. நீ கேக்கவுமில்லை."

பிறகு அவர் சொன்னவற்றை நான் கூட்டாமலும் குறைக்காமலும் எழுத வேண்டும். நாற்பது வருடம் தபாலதிபராக இருந்தவருடைய மகன் இதைக்கூட ஒழுங்காகச் செய்யாவிட்டால் எப்படி?

"காலமை தபால் வந்து விழேக்கை ஆர் எடுக்கிறது? நீ வேலையிலை. நான்தானே எடுக்கிறனான். இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருஷம். வருஷத்துக்கு நாலு. அவளின்ரை எழுத்து எனக்குத் தெரியாதே? எடுத்து உன்ரை மேசையிலை வைச்சிட்டு, பின்னேரம் வந்து வாசிச்சுக் காட்டுவாய் எண்டு இருப்பன். நீ நிண்ட நிலையிலை உடைச்சு வாசிச்சிட்டு உள்ளுக்கை கொண்டுபோயிடுவாய்."

ஏன் ஒருநாளாவது கேட்கவில்லை என்றேன்.

"மற்றவனுக்கு வந்த கடிதத்திலை என்ன இருக்கெண்டு கேக்கிறதும், அதை உடைக்கிறதும் ஒண்டுதான். நான் அந்த வேலை செய்யேல்லை." பிறகு, "அவள் என்னைப் பற்றி ஒண்டும் எழுதுறேல்லையாக்கும் எண்டு நினைச்சன்" என்றார்.

அக்கா, தங்கள் ஒவ்வொரு கடிதத்தின் முதற் பந்தியும் அவரைப் பற்றியது. நான் அதை அப்போது சொன்னேன். அவர் கடிதங்களைக் கொண்டுவரச் சொன்னார். அறுபத்தேழு கடிதங்கள். முதற் பந்திகளை மாத்திரம் வாசி, மற்றது உனக்கு எழுதினது என்றார். மத்தியானம் தொடங்கி விளக்கேற்றும் வரை வாசித்தேன். கத்தரின் சோற்றை மூன்று முறை சூடாக்கினாள்.

வேறு எதையும் எழுத இப்போது என்னால் இயலவில்லை. அறைக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அப்பா எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் ஒட்டித் தந்ததால் நான் வாசிக்கவில்லை.

மேர்வின்

[உள்ளே ஒட்டிய உறையில்]

பிள்ளை இம்மாகுலேற்,

எனக்குரிய பகுதிகளை மேர்வின் வாசித்தான். பதில்கள் பிந்திவிட்டன. 2009இல் கேட்ட இருமல் அவ்வருடமே சுகமாயிற்று. 2011இல் கேட்ட முழங்கால் நோவு மழைக்கு மட்டும் உண்டு. 2016இல் கேட்ட கண் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. 2020இல் கேட்ட தொற்று எனக்கு வரவில்லை, பயப்பட வேண்டாம். மாத்திரை ஒத்துக்கொண்டது. தொப்பி போடுகிறேன்.

மேர்வின் குசினியில் போட்ட உன் பாட்டு எனக்குத் தெரியும். உன் கலியாணத்தன்று அந்தக் கோவிலின் மதிலுக்கு வெளியே சைக்கிளோடு நின்றேன். உள்ளே அதைத்தான் பாடினார்கள். முழுவதும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

நீ வா. அதுவரை போன் எடுக்காதே. போனில் எல்லாருடைய குரலும் தகரம். இவ்வளவு காலம் இருந்தவன் இன்னும் ஆறு கிழமை இருப்பேன்.

அப்பா


கெம்னிற்ஸ்,
14.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் உங்கள் மருமகனும் சுகம். நீங்கள் எழுதிய பதில்கள் எல்லாம் கிடைத்தன. வரிசைப்படி என் பழைய கவலைகளை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டேன். இப்போது எனக்கும் மழைக்கு முழங்கால் நோகிறது.

சரணத்தை நானே பாடுவதாக நேற்றுச் சொல்லிவிட்டேன். ஒத்திகையில் ஒருநாள் நன்றாக வருகிறது, மறுநாள் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தயிர் வேண்டாம் என்கிறார்கள். அதையும் விட்டுவிட்டேன்.

ஆறு கிழமை என்று எழுதினீர்கள். இந்தக் கடிதம் வரும்போது நாலு கிழமையாக இருக்கும். தயவுசெய்து மழையில் நடக்காதீர்கள். படிகளில் கைபிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
இம்மாகுலேற்


ஹவுன்ஸ்லோ,
24.11.2024

சேசு மரி சூசை துணை

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தாங்களும் குழுவினரும் சுகமாக வீடு சேர்ந்த செய்தியை அப்பா சொன்னார். சென்ற மாதம் வந்த கடிதத்தின் உறையில் அவருடைய பெயர் மாத்திரம் இருந்தது. ஆதலால் நான் அதைத் திறக்கவில்லை. அவர் மூன்று தரம் வாசித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கென ஏதும் வரவில்லை. நியாயந்தான்.

தாங்கள் பாடிய இடத்திலிருந்து பார்த்திருக்க முடியாதவற்றை எழுதுவது என் கடமை என்று எண்ணுகிறேன்.

அன்று ஒரு மணி நேரம் முந்தியே போய்ச் சேர்ந்தோம். அப்பா புதிய கோட்டுப் போட்டிருந்தார். முதலாம் சரணத்தில் நாற்பத்திரண்டு பேரும் பாடத் தொடங்க, அவர் என் பக்கம் சாய்ந்து, "இதிலை எது அவள்?" என்று கேட்டார். அவர் இரகசியமென்று நினைத்த குரல் இரண்டு வரிசைக்குக் கேட்டது. இரண்டாம் வரிசை, இடமிருந்து ஏழாவது என்றேன். "ஆளைக் கேக்கேல்லை, சத்தத்தைக் கேக்கிறன்" என்றார். அதைப் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டாம் சரணம் முழுவதும் அவர் விரல்கள் முன்கதிரையின் விளிம்பில் நின்ற இடத்தில் நில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

பின்பு தாங்கள் முன்னே வந்தீர்கள். குழல் தொடங்கிற்று. தாங்கள் வாய் திறந்த உடனே அப்பா எழுந்து நின்றார். நம் கோவிலில் சுவிசேஷம் வாசிக்கும்போது நிற்பதுபோல், கைகளைத் தொங்கவிட்டு, நேராக.

நிகழ்ச்சித்தாளில், முடியும் வரை அமர்ந்திருக்கும்படி அச்சிட்டிருந்தார்கள். பின்னாலிருப்பவர்களுக்கு மறைத்தது. என் கை அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தது. அவர் அசையவில்லை. இரண்டாந் தரமும் இழுத்தேன். பின்வரிசையில் இருந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் என் தோளைத் தொட்டு, அவரை நிற்க விடுங்கள் என்றார். ஆறு நிமிடமும் அவர் நின்றார். நான் இருந்தேன்.

முடிந்து மண்டபத்தில் தேநீர் கொடுத்தபோது, தங்களைப் பார்த்து அவர் முதன்முதலாக, "நீ எப்பவும் முத்திரை கூட ஒட்டுறாய், அவ்வளவு தேவையில்லை" என்று சொன்னதையும், தாங்கள் அவருடைய கோட்டில் முகத்தை வைத்து அழுததையும் நான் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நின்று கண்டேன். கிட்ட வருவது முறையா என்று தெரியவில்லை.

தங்கள் தம்பி,
மேர்வின்


ஹவுன்ஸ்லோ,
22.12.2024

அக்காவுக்கும் அத்தானுக்கும் பாலன் பிறப்பு வாழ்த்துக்கள்.

இங்கு நலத்துக்குக் குறைவில்லை. தாங்கள் தினமும் நான்கு மணிக்கு எடுக்கும் தொலைபேசிக்காக அப்பா மூன்றரைக்கே கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இரண்டு முறை நான் எடுக்க நேர்ந்தது. இரு முறையும் தாங்கள் "அப்பாட்டைக் குடு" என்று மட்டும் சொன்னீர்கள். கொடுத்தேன். நீங்கள் இருவரும் சிரிப்பது குசினிக்குக் கேட்கும். நான் வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவேன்.

நான்கு கிழமையாக என் கடிதத்துக்குப் பதில் இல்லை. கத்தரினிடம் காரணம் கேட்டேன். "அப்பா ஒருநாள் கோவப்பட்டவர். நீங்கள் இருபத்தேழு வருஷம் கோவப்பட்டிருக்கிறியள்" என்றாள். நான் ஒருபோதும் கோபப்பட்டதில்லை, சொல்லப்பட்டதைக் காத்தேன், அவ்வளவே என்றேன். அவள் சட்டிகளைக் கழுவப் போய்விட்டாள்.

அதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எழுதுகிறேன், கிழிக்கிறேன். தாங்கள் கலியாணம் கட்டிப் போன மறுநாள் காலை அப்பா எழும்பவில்லை. நான் தேநீர் போட்டேன். மூன்று கோப்பை எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைத்தேன். அம்மா ஏற்கெனவே இல்லை. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அதற்குப் பிறகு வந்த இடப்பெயர்வுகளிலெல்லாம் அவரைக் கூட்டிக்கொண்டு திரிந்தது நான். தாங்கள் ஜெர்மனியிலிருந்து எழுதிய முதற் கடிதத்தில் அங்கு பனி பெய்வதைப் பற்றி எழுதியிருந்தீர்கள்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. இம்முறை கிழிக்காமல் அனுப்புகிறேன்.

மேர்வின்


கெம்னிற்ஸ்,
05.01.2025

தம்பி,

சுகம் விசாரிக்கவில்லை. நீ சுகமில்லை என்று தெரிகிறது. நானும் அப்படித்தான்.

அன்று நீ அப்பாவின் கோட்டை இரண்டு முறை இழுத்ததை நான் பார்த்தேன். பாடிக்கொண்டே பார்த்தேன். குழல்காரர் எனக்காக ஒரு மூச்சு காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்பாவை மன்னிக்க எனக்கு ஒரு வினாடி பிடிக்கவில்லை. அவர் சொன்னார், பிறகு காத்திருந்தார். உன்னைப் பற்றி நினைத்தால் மட்டும் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. ஒரு சொல், ஒரே ஒரு சொல் அவரிடம் நீ கேட்டிருந்தால் போதுமே என்று சமையலறையில் உரக்கச் சொல்லியிருக்கிறேன். தமிழில் என்றபடியால் ஒருவரும் பயப்படவில்லை.

மூன்று கோப்பை எடுத்ததை நீ இதுவரை எழுதியதில்லை. உனக்கும் என்னில் கோபம் இருந்திருக்கிறது. அதைக் கேட்கவும் ஒருநாள் வைத்துக்கொள்வோம். ஆனால் முதலில் என்னுடையது.

எனக்கு உன்னை ஏச வேண்டும். கடிதத்தில் ஏசமாட்டேன். நீ அதற்கும் பந்தி பிரித்து அழகாக ஒரு பதில் கட்டிவிடுவாய். பத்தொன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அப்பா படுத்திருப்பார். அந்த நேரம் நீயே எனக்குப் போன் எடு. நான் பேசும்போது குறுக்கே நியாயம் சொல்லாதே. நான் அழுதால், மரியாதை என்று நினைத்துப் போனை வைத்துவிடாதே. கேட்டுக்கொண்டிரு.

அக்கா